எட்டாவது வெள்ளிக்கிழமை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு துப்பாக்கியின் மேல் பொறாமை வந்தது. அது எங்கள் வீட்டில்கூட இல்லை. அபுதாபிப் பக்கம் நாங்கள் இருந்த ருவைஸிலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு ஷூட்டிங் கிளப்பில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் என் அப்பாவையும் அம்மாவையும் அது பறித்துக்கொண்டது.

காரணத்தை எனக்குச் சொல்லித்தான் இருந்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அப்பாவின் கம்பெனி குடும்பத்தோடு தங்கும் வசதியை எடுத்துவிட்டது. அப்பா இனிக் கேம்பில் இருப்பார். அம்மாவும் நானும் பொள்ளாச்சிப் பக்கம் தாத்தாவின் தோப்பு வீட்டுக்குப் போய்விட வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அங்கே இன்னொரு வீடு கிடையாது. தோட்டத்து வீடுகளில் ஆட்கள் புகுந்து அடித்துப் பறிக்கிறார்கள் என்று ஊரிலிருந்து ஃபோன் வரும்போதெல்லாம் செய்தி வந்தது. தாத்தா இறந்ததும் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார்கள். ஒரே மகளான அம்மா அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். சுடப் பழகியதற்குச் சான்றிதழ் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் வேலை சீக்கிரம் முடியும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கிளப்பில் மொத்தம் எட்டு வகுப்புகள், எட்டாவதில் தேர்வு. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விமானம்.

இவையெல்லாம் எனக்கு வாக்கியங்களாகத் தெரியும். புரிந்தது ஒன்றுதான்: அப்பாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு, அந்த நாளை அம்மா எடுத்துக்கொண்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார்கள். பயிற்சியாளர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பாகிஸ்தானி. இரண்டு துப்பாக்கிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று தாத்தாவுடையதைப் போலக் கனமானது. மற்றது குழல் சிறுத்த இலேசானது. கனமானதன் அடிக்கட்டையை அம்மாவின் முழங்கை மடிப்பில் வைத்து அளந்தார். அம்மாவின் விரல் விசைக்கு எட்டவில்லை.

“நஹி பாபிஜி, பஹுத் லம்பா” என்றார். ரொம்ப நீளமாம். இலேசானதை நீட்டினார்.

“அதையே எடுத்துக்க புள்ள. தோளு போயிரும்” என்றார் அப்பா.

“அங்க ஊர்ல இருக்கறது இந்தக் கனந்தானுங்களே. அதுல பழகீட்டு இதைய எப்படீங்க தூக்கறது? கட்டைய ஆசாரிகிட்டக் குடுத்து ரெண்டு விரக்கடை அறுத்துக்கலாமுங்க.”

பயிற்சியாளர் உள்ளே போய், கனம் அதே, கட்டை மட்டும் குட்டையான ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். தட்டை விடச் சொல்லி அம்மா ஆங்கிலத்தில் “புல்” என்றதும், சுடுவதற்கான ஆரஞ்சு நிறக் களிமண் தட்டு ஒன்று வானத்தில் சீறிப் பறந்தது. அன்று இருபத்தைந்து தட்டுகளில் இரண்டு உடைந்தன. அப்பா கைதட்டினார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட அவர் அப்படிக் கைதட்டியதில்லை. எனக்கும் ஒரு துப்பாக்கி வேண்டுமென்று தரையில் உருண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து என்னைப் பக்கத்து ஃபிளாட்டில், கீழக்கரைக்கார மாமியிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

“உங்கம்மா துப்பாக்கி புடிக்கப் போயிட்டாஹ. நீ என்னத்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கே? இடியாப்பத்தையா?” என்பார் மாமி. அவருடைய பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பொழுது சாயும்போது இருவரும் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களைப் போலத் திரும்புவார்கள். ஆறு, ஒன்பது, பதினான்கு என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. துப்பாக்கி உதைத்து அம்மாவின் தோள் கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. அப்பா துண்டில் ஐஸைச் சுற்றி அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசுவார். ஒரு வாரம் நான் முழங்காலைக் கதவில் இடித்துக்கொண்டேன். எனக்கும் ஐஸ் வந்தது. ஆனால் என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

எட்டாவது வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்கு வயிற்றுவலி வந்தது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுவலியை அளக்க வீட்டில் கருவி இல்லை.

அம்மா ஷூ மாட்டியிருந்தாள். கட்டிலருகில் உட்கார்ந்து என் வயிற்றில் கைவைத்தாள்.

“மாமி பாத்துக்குவாங்க, கெளம்பு. இன்னைக்கு உட்டா வேற நாளே இல்ல” என்றார் அப்பா, கார் சாவியோடு.

நான் கால்களை மடக்கிக்கொண்டு முனகினேன். அம்மாவின் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினாள். “நா வர்லீங்க.”

அப்பா ஹாலுக்குப் போய் கிளப்புக்கு ஃபோன் செய்தார். சர்டிபிகேட் என்ற சொல் நாலைந்து தடவை கேட்டது. கடைசியில் “அச்சா, அச்சா பாய்” என்று வைத்துவிட்டார். நான் போர்வைக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அம்மா தரை துடைக்கும் கட்டையோடு அறைக்குள் வந்தாள். துடைக்கவில்லை. கட்டையைத் தோளில் பதித்து, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, ஜன்னல் திரைக் கம்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல நகர்த்தினாள். “புல்” என்றாள், தனக்குத்தானே.

எழுந்து உட்கார்ந்தேன். காலுறை ஒன்றைச் சுருட்டி மேலே எறிந்தேன். கட்டை அதன் பின்னாலேயே போயிற்று. இன்னொன்றை எறிந்தேன். மூன்றாவதை எறியும்போது கட்டிலின்மேல் நின்றிருந்தேன்.

அம்மா கட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். வலி எங்கே போயிற்று என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“இன்னுங் கொஞ்சம் வேகமா எறி, சாமி. நான் சொல்றதுக்கு முன்னாலயே எறி. அவங்கெல்லாம் சொல்லீட்டா வருவாங்க?”

யார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் எறிந்தேன், அலமாரிப் பக்கம் எறிந்தேன், அவள் முதுகுக்குப் பின்னால் எறிந்தேன். ஒவ்வொன்றுக்கும் திரும்பினாள். கட்டை தாழத் தொடங்கியும் நிறுத்தவில்லை. அத்தனை நேரம் அம்மா என்னோடு விளையாடியதே கிடையாது.

அப்பா வந்து கதவோரம் நின்றார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, இமைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்; ஆறு வாரமாக மாமி வீட்டில் நான் வைத்திருந்த முகம் அதுதான். ஆட்டத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அப்பாவுக்குப் பொறாமை. அடுத்த காலுறையை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் எறிந்தேன்.