வற்றிய வழுக்கையாற்றில் ஏழு மட்டிகள்

போன புரட்டாதியில் சண்டிலிப்பாய்ப் பக்கம் வழுக்கையாறு வற்றி, சேறு வெடித்துக் கிடந்தது. தூர்வாரப் பெக்கோ இயந்திரம் வந்து நின்றது. அங்கே உயிரினம் எதுவுமில்லை என்று, உயிரினக் கணக்கெடுப்புக்குப் போன நான் படிவத்தில் கையெழுத்து வைத்தால் வேலை தொடங்கிவிடும்.

நான் ஆற்றின் பள்ளத்தில் ஒரு முழம் தோண்டினேன். அடிச்சேற்றின் ஈரத்தில் ஏழு நன்னீர் மட்டிகள் இரட்டை ஓடுகளை இறுக மூடிக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தன. அதுவரை நான் தேடிய குளங்களில் செத்த மட்டிகளின் வெறும் கோதுகள்தான் கிடைத்திருந்தன.

“உது செத்த மட்டி, தங்கச்சி. கையெழுத்தை வையுங்கோ,” என்றார் ஒப்பந்தக்காரர்.

“செத்ததெண்டா வாய் பிளந்திருக்கும், அண்ணை. ஏலுமெண்டா திறந்து பாருங்கோ.”

அவர் ஒன்றை எடுத்து நகத்தால் நெம்பினார். அது அசையவில்லை. பெக்கோ ஓட்டுநர் சிரித்துவிட்டார். “முதலாளி, அது உங்களை விடப் பிடிவாதம்!”

ஒப்பந்தக்காரருக்குக் கோபம் வந்தது. “அப்ப சனத்துக்குத் தண்ணி வேண்டாமோ?”

“வேணும். அந்தத் தண்ணியை வடிகட்டுறதும் உதுகள்தான். மற்ற இடத்தை வெட்டுங்கோ, இந்தப் பள்ளத்தை விடுங்கோ.”

மட்டிகளைத் திரும்பப் புதைத்தேன். படிவத்தில் முன்கூட்டியே அச்சடித்திருந்த ‘எதுவுமில்லை’ என்பதை வெட்டி, ‘நன்னீர் மட்டி, ஏழு, உயிருடன்’ என்று எழுதினேன். அதன் கீழே கையெழுத்து வைத்தேன்.