மூன்று துளை ஆபரேஷன்

சித்தூரில் வயிற்றைக் கிழித்துத்தான் என் இரண்டாவது பிள்ளையை எடுத்தார்கள். சில வருஷத்தில் தையல் போட்ட இடம் விட்டுப்போனது. மேலே தோல் சரியாக இருந்தது, உள்ளே சதை பிரிந்து குடல் முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குடம் தூக்கினால் தேங்காய் மூடி அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். புடவைக்குள் ஒரு பழைய துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆளை வளைகுடாவுக்கு அனுப்பிய வீடுகளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை போன் வந்தால் நல்லதை மட்டும்தான் சொல்லவேண்டும். மாடு செத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாயைத் திறக்கக்கூடாது. அங்கே தனியாகக் கிடக்கிற மனுஷன் என்ன செய்வான்? அதனால் துண்டு விஷயம் அவருக்குத் தெரியாது. ஒருநாள் வலியில் நான் சுருண்டு விழ, பாகாலாவிலிருந்து அக்கா வந்து திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள்தான் என் செல்போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள்.

"அழுவாதமே, லீவு கேட்டுக்கினு வந்துடறேன்," என்றார் அவர் என்னிடம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்து வருஷக்கணக்கான முகம். பாழாய்ப்போன வயிறு ஒரு நல்ல காரியமாவது செய்ததே!

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்ததா?

"ஒண்ணுமில்ல மாமா. பெருசா கிழிக்கப் போறதில்லியாம். மூணு துளை போட்டு, உள்ளாற வலை வெச்சு அடைச்சிடுவாங்களாம். ரெண்டு நாள்ல வூட்டுக்கு வந்துடுவேன்."

"அப்பாடா! அப்ப லீவு வேணாம்னு சொல்லிடறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேலா, டாக்டர் மேலா, என் வாய் மேலா என்றுதான் தெரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் போய், "பழையபடி பெருசா கிழிச்சே செஞ்சிடுங்க சார்," என்றேன்.

"எந்துக்கம்மா?" என்று தெலுங்கில் காரணம் கேட்டார் அவர். அந்தப் பெரிய வெட்டு விட்டுத்தானே இது வந்தது, மறுபடியும் கிழித்தால் மறுபடியும் விடலாம் என்றார்.

"சின்ன ஆபரேஷன்னா இவ வூட்டுக்காரரு வரமாட்டாரு சார், அதான்," என்று அக்கா போட்டு உடைத்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வரச்சொல்லும்மா," என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வராதே.

துளை போட்டே முடித்தார்கள். வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய காற்று தோள்பட்டையில் போய்க் குத்தியது. இருமினால் உயிர் போனது. அந்த நேரம் பார்த்து அவர் போன்.

"நோவுதாமே?"

"இல்லவே இல்ல. நீ நல்லா கீறியா மாமா?"

"எனக்கு இன்னா, ராஜா மாதிரி கீறேன்."

போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. என் "இல்லவே இல்ல" எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அதே வழக்கம்தானே? இத்தனை வருஷமாக அவர் சொன்ன ராஜா கதையை நான் அப்படியே நம்பியிருந்தேன்.

அவர் நம்பரை நானே அழுத்தினேன்.

"நோவுது மாமா," என்றேன். "வந்துடு."



"எனக்குந்தான்மே," என்றார்.