விரிப்புக்கு வெளியே

புனிதவதி வீட்டைவிட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. அன்று காலையில்தான் கணேஸ்வரன் லோரிக் கதவை அவள் இடது கைமேல் அறைந்து சாத்தினான். கை தவறி நடந்ததல்ல. "கைய எடுக்காத" என்று சொல்லி, அவள் எடுக்காமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினான். முதல் நாள் குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது.

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு அவன் ஆலைக்குப் புறப்பட்டதும், நசுங்கிய சுண்டுவிரலைத் துண்டால் சுற்றிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட துணிகளை ஒரு பையில் திணித்தாள். மகள் தனுஜா பள்ளிச் சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது.

"கிளம்புடி. பஸ் வந்துரும்."

"நான் வரல."

"தனு..."

"முன்னயும் போன. அவரு வந்து அழுதாரு, நீயும் பின்னாலயே வந்துட்ட. அதுக்கு முன்னயும் அப்படித்தான். இந்தத் தடவையும் வருவ. அப்போ அடி உனக்கு மட்டும் விழாதுமா, கூட வந்ததுக்கு எனக்கும் விழும். எனக்கு வேணாம் லா. நீ போ."

மகள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மகள் மேல் அவன் அதுவரை கை வைத்ததில்லை. அந்த ஒரு தைரியத்தில் புனிதவதி தோட்டத்து லயத்து வீட்டைவிட்டு இறங்கி ஈஜோக் சாலைக்கு நடந்தாள். கோலா சிலாங்கூரில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் ஒன்று விளங்கிவிட்டது. வாயால் எது சொன்னாலும் மகள் நம்பமாட்டாள். திரும்பிப் போகாமல் இருந்து காட்டுவது ஒன்றுதான் அவளுக்குப் பதில்.

ஆற்றோரத்தில் ஒரு பழைய ரோந்துக் கப்பலைக் கட்டிவைத்திருந்தார்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று அருங்காட்சியகமான கப்பல். அங்கே கழிவறை கழுவும் வேலை கிடைத்தது. நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவானந்தம், முன்னாள் கடற்படைக்காரர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பீரங்கியைக் காட்டுவது, முடிச்சுப் போடச் சொல்லித்தருவது, கரைக்குக் கயிறு எறிவது என்று வார இறுதிகளில் கப்பல் கலகலவென்றிருக்கும். எறியும் கயிற்றின் நுனியில் உருண்டையாக ஒரு முடிச்சு, அதற்குள் கனமான இரும்பு. படகுத்துறையில் நிற்கும் எண்ணெய்ப் பீப்பாயில் அது பட வேண்டும். ஒருநாள் புனிதவதியும் விளையாட்டாக எறிந்து பார்த்தாள். டங்கென்று பட்டது. மறுநாளும் பட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. யார் முகத்தை நினைத்து எறிகிறாள் என்று சிவானந்தம் கேட்கவில்லை. துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கயிற்றைக் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடல் கொள்ளையர் நாடகம். அதில் அவள்தான் கப்பல் சமையல்காரி. கொள்ளையராக வருகிறவர்கள் சாதாரண உடையில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்து, நடுவில் திடீரென்று கத்திக்கொண்டு எழுவார்கள். தலைவனாக வருகிற தனேஷ் அவள் கொண்டையைப் பிடித்து இழுப்பான், பஞ்சு சுற்றிய கம்பியால் அடிப்பான். கடைசியில் அவள் அவனைத் தோள்மேல் தூக்கிப் போடுவாள். கூட்டம் ஆர்ப்பரிக்கும். தளத்தில் சாம்பல் நிற ரப்பர் விரிப்பு ஒன்று கிடக்கும். சிவானந்தத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: "விரிப்புக்குள்ள விழுந்தா நாடகம். வெளிய விழுந்தா நிஜம். உடனே எல்லாரும் ஓடி வரணும்."

"அக்கா, நீங்க கத்தறதப் பாத்தா எனக்கே பயமா இருக்கு," என்பான் தனேஷ்.

"இத்தன வருசம் ரிகர்சல் பாத்திருக்கேன் தம்பி," என்பாள்.

யாரோ எடுத்த வீடியோ கைக்குக் கை மாறிக் கணேஸ்வரனிடம் போய்ச் சேர்ந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அவனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கூட்டத்தில் உட்கார்ந்தான். குலைகளைக் குத்தி லோரியில் ஏற்றும் இரும்புக் கம்பி சாக்கில் சுற்றி மடியில் இருந்தது. கொள்ளையர்கள் கத்திக்கொண்டு எழுந்தபோது அவனும் எழுந்தான்.

முதல் அடி புனிதவதியின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

"டேய், இவன்தான்டா மெயின் வில்லன்!" என்று முன்வரிசையில் ஒருவர் விசிலடித்தார்.

சிவானந்தம் புது ஆளைச் சேர்த்திருக்கிறார் என்று தனேஷ் நினைத்தான். மேல்தளத்தில் ஒலிபெருக்கியோடு நின்ற சிவானந்தமோ, தனேஷ் கூட்டாளி யாரையோ கூட்டிவந்திருக்கிறான் என்று நினைத்தார்.

"கண்டவன் மயிரப் புடிச்சு இழுக்கலாம், ஊரே டுயிட் குடுத்து டிக்கெட் வாங்கிப் பாக்கலாம். நான் தொட்டா மட்டும் ஓடிப் போவியா?" கணேஸ்வரன் கொண்டையைச் சுற்றிப் பிடித்து அவள் முகத்தைத் தளத்தில் மோதினான்.

பழக்கதோஷத்தில் அவள் நாடகத்தில் செய்வதையே செய்தாள். அவன் மணிக்கட்டைப் பற்றி, நல்ல தோளை அடியில் கொடுத்து, தூக்கினாள். தனேஷாக இருந்தால் பாதி வேலையை அவனே செய்வான், சரியான நேரத்தில் எம்பிக் குதிப்பான். இவன் கல்தூணாக நின்றான். முழங்கையை ஓங்கி அவள் வாயில் இடித்தான். முன்பற்கள் நாக்கில் கிடந்தன. அடுத்த உதையில் விரிப்பைத் தாண்டிப் போய் விழுந்தாள்.

கை தட்டினார்கள். லயத்தில் அவள் அடி வாங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். கை தட்டிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் விழுந்த இடத்தைச் சிவானந்தம் பார்த்தார். "நிறுத்து! வெளிய விழுந்துட்டா! தனேஷ், பிடிடா அவன!" என்று ஒலிபெருக்கியில் அலறினார். கூட்டம் அதற்கும் சிரித்தது. பாய்ந்த தனேஷின் முன்கையைக் கம்பியின் கூர்முனை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழித்தது. தெறித்த இரத்தம் முன்வரிசையில் ஒரு சிறுமியின் வெள்ளைச் சட்டையில் விழ, அவள் வீறிட்டாள். அப்போதுதான் கைதட்டல் நின்றது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சனம் இறங்குபாலத்துக்கு ஓடியது.

புனிதவதி கம்பித் தடுப்போரம் ஊர்ந்துபோய்க் கயிற்றை எடுத்தாள். கணேஸ்வரன் திரும்பினான்.

"எறிடி. எங்க, எறி பாப்போம்," என்று சிரித்துக்கொண்டே கம்பியை ஓங்கி வந்தான்.

எறிந்தாள். டங்கென்று கேட்கவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போலிருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னால் தள்ளாடியவன், தடுப்பில் முட்டித் தலைகுப்புற ஆற்றில் விழுந்தான். வற்றுநீரின் இழுப்பு அவனைக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று.

"விடுங்கக்கா, போகட்டும் சனியன்!" கிழிந்த கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான் தனேஷ்.

"இவன் செத்தா என் மக எங்கிட்ட வரவே மாட்டா," என்று இரத்தத்தைத் துப்பினாள். கயிற்றை இழுத்துச் சுருட்டி மறுபடி எறிந்தாள். அவன் கைக்குப் பக்கத்தில் விழுந்தது. பிடித்துக்கொண்டான்.

சிவானந்தம் ஓடி வந்து கூடப் பிடித்து இழுக்க, தளத்தில் கொண்டுவந்து போட்டதும் கணேஸ்வரன் அழத் தொடங்கினான். அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே அழுகை. "புனிதா, வீட்டுக்கு வா. புள்ள தனியா கெடக்கு. இனிமே தொடமாட்டேன்."

அவள் கயிற்று நுனியைச் சிவானந்தத்திடம் கொடுத்துவிட்டு விரிப்பின்மேல் போய் உட்கார்ந்தாள்.

"நான் வரல," என்றாள்.

கணேஸ்வரனுக்கு இடது கண் போயிற்று. பிறகு அவன் சிறைக்கும் போனான். தனுஜாவைப் புக்கிட் பெருந்துங்கில் இருந்த அவன் அக்காள் கூட்டிப்போனாள். தோள் கூடியதும் புனிதவதி அங்கே போய் நின்றாள். மகள் கேட்டைத் திறக்கவில்லை.

"கண்ணு போச்சுமா அவருக்கு."

"தெரியும்."

"இன்னும் கப்பல்லதான் இருக்கியா?"

"ஆமா."

"பாப்போம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் எத்தனையோ முறை போனாள். கேட்டுக்கு யாரும் வரவில்லை. கப்பலில் நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். முடிச்சுக்குள்ளிருந்த இரும்பை எடுத்துவிட்டு மணல் வைத்தார்கள். பீப்பாயில் பட்டால் இப்போது மொத்தென்றுதான் கேட்கிறது. கட்டுப்பல்லோடு சனிக்கிழமை தவறாமல் அவள் எறிந்துகொண்டிருந்தாள். கயிறு எறியும் படங்களைத் தனேஷ் கப்பலின் பேஸ்புக் பக்கத்தில் போடுவான். தன் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்பாள்.

ஆண்டுகள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், கார் நிறுத்த இடமுண்டா என்று வந்திருந்த கேள்விகளுக்கு நடுவே பெயரில்லாத ஒரு செய்தியைப் பார்த்து, தழும்பு ஓடிய கையில் போனை ஏந்திக்கொண்டு தனேஷ் தளத்தில் ஓடி வந்து அவளுக்கு வாசித்துக் காட்டினான்.

"கயிறு எறியற அம்மா இன்னும் அங்கதான் வேல செய்யறாங்களா? படம் பழசா புதுசான்னு தெரியல, அதான் கேக்கறேன். அப்பா வெளிய வந்துட்டாரு. நேத்து லோரிக் கதவு. வலது கை. இடது கையால டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிக்கணும். நான் பஸ்ல ஏறிட்டேன். அவங்க கப்பல விட்டுப் போகலல்ல?"