கால் பட்ட குதிரை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது எனக்கு ஒன்பது வயது. ஊரில் அதைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அரண்மனை லாயத்தில் குதிரை பழக்கிக்கொண்டிருந்த என் மாமாவுக்கு வேலை போயிற்று என்பதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த சுதந்திரம்.

லாயத்துக் குதிரைகளை விலைக்குப் பார்க்க, மலைமேலிருந்த ஒரு பள்ளிக்கூடத்து அதிகாரி வந்திருந்தார். அங்கே பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றமும் ஒரு பாடமாம். கற்றுக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "நீ ஓட்டிக் காட்ட வேண்டாம். குதிரையே ஏறாத ஒரு பிள்ளையைப் பதினைந்து நாளில் ஓட்டவைத்துக் காட்டு" என்றாராம் மாமாவிடம். தெருப் பையன்கள் எல்லோரும் வண்டிக் குதிரையின் முதுகில் ஒருமுறையாவது ஏறி அடி வாங்கியவர்கள். மிச்சம் நான்தான். பொம்பளைப் பிள்ளையையா என்று அப்பா குதித்தார். "எந்தம்பி பொழப்புங்க இது" என்று அம்மா கண்ணைக் கசக்கியதும் அடங்கிவிட்டார்.

ஒரு வாரத்தில் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. அது ஒரு கறுப்புக் குதிரை, பரம சாது. நிமிர்ந்து உட்காரவும் கடிவாள வாரை இழுத்துத் திருப்பவும் கற்றுக்கொண்டேன். ஒன்றுதான் வரவில்லை. குதிரை ஓட வேண்டுமானால் குதிங்காலால் அதன் வயிற்றில் தட்ட வேண்டும். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். இதுவோ எங்கள் அய்யனார் ஏறுகிற குதிரை. தட்டியதுமே கை தானாக வாரை விட்டுவிட்டுக் குதிரையின் கழுத்தைத் தொட்டு என் கண்ணுக்கு வந்துவிடும்.

"ஆத்தா, சாமி கோவிச்சுக்காது. வாரை மட்டும் விட்றாத. எறங்குன பெறகு எத்தனை தடவை வேணுமின்னாலும் கும்பிட்டுக்க" என்று மாமா தினமும் கெஞ்சினார். கடைசி நாலு நாள் நானும் விடவில்லை.

அதிகாரி மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவும் வந்திருந்தார். முதல் சுற்று நடையில் நன்றாகவே போனேன். அதிகாரி தலையாட்டியதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஓடச் சொன்னார்கள். பெருமையில் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன். ஐயோ, வலித்திருக்குமே என்று நினைத்தது மட்டும்தான் ஞாபகம். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன கையோடு மண்ணில் கிடந்தேன்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். அதிகாரி மாமாவைக் கேட்டார்: "வாரை விடக்கூடாது என்று இவளுக்கு நீ சொல்லவே இல்லையா?"

மாமா எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"சொல்ல மறந்துட்டேங்க. எந்தப்புதான்."

அப்பாவின் கை இறங்கிற்று. அதிகாரி, சொல்லவே மறக்கிறவனை நம்பிப் பிள்ளைகளை எப்படி விடுவது என்று எழுந்துகொண்டார். கறுப்புக் குதிரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மாமா கீரனூரில் ஓர் அரிசி மில்லுக்கு மூட்டை தைக்கப் போய், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது, விழுந்ததற்காக அல்ல.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, மாமா பொய் சொல்லிருச்சு. தெனமும் சொல்லிட்டு, சொல்லவே இல்லேன்னுருச்சு" என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு பொய்க்கா இவ்வளவு அழுகை என்று நினைத்துக்கொண்டே, தோல் உரிந்த முழங்கையைக் காட்டி மருந்து கேட்டேன்.