இரு கையில் விழும் ரொட்டி

தக்கலையில் இன்று ஒரு கடையில் கோதுமை ரொட்டி கருகும் மணம் வந்ததும், லாரி ஓட்டிவந்த சீக்கியர்கள் களியக்காவிளையில் கட்டி, பிறகு சாலை அகலமானபோது இடிபட்ட தகரக் கூரைக் குருத்வாரா நினைவில் எழுந்துவிட்டது. எங்கள் ரப்பர் செருப்பைக்கூட ஒரு சர்தார் துடைத்து அடுக்குவார். தலையை மூடிக்கொண்டு எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் சாப்பிட உட்காருவோம். யாரும் பரிமாறலாம் என்பதால் ஒரு ஞாயிறு அம்மா ரொட்டிக் கூடையை எடுத்தாள்.

வரிசையில் டீச்சர் இருந்தாள். அவள் வீட்டில்தான் அம்மா பாத்திரம் தேய்த்தாள்; விரல் பட்டுவிடாமல் உயரத் தூக்கித்தான் அம்மாவுக்குச் சாயா ஊற்றுவாள். இப்போது ஒரு கையை நீட்டினாள்.

"ரெண்டு கையும் ஏந்துங்க டீச்சர், இங்க அதாக்கும் முறை."

டீச்சர் ஏந்தினாள். அம்மா உயரத்திலிருந்து போடவில்லை. விரல் படவே வைத்தாள்.