குடுமிக்கு இரண்டு தொப்பி

காலை ஆறு இருபது. அக்கா போய்விட்ட செய்தியைச் சொல்ல ராஜலிங்கக் குருக்களை அழைத்தேன். அந்த நேரம் அவர் கண்டிக்கு அடுத்த அம்பிட்டியப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில், ஆழம் குறைந்த மூலையில், சுவரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தார். கைப்பேசி கரையில் அவர் மனைவி பிரேமிளாவின் மடியில் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா குளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தது எனக்கும் கேட்டது.

"என்னங்க, கட்டுகஸ்தோட்ட ராஜேஸ்வரி அக்கா தவறிட்டாங்களாம்."

காதை மூடி இரண்டு தொப்பி போட்டிருந்தவருக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் தெறிக்கும் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"யாரு தவறுனா? நான் நல்லா புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் சிரித்த ஒரே ஆள் நான்தான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

குருக்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கண்டியைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் சாவுக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றைச் செய்து வைப்பது அவர் தொழில். ஆள் சிறியவர், குரல் பெரியது. உடம்புக்கு ஒதுக்கியதில் பாதியைக் கடவுள் அவர் தலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அப்படியொரு முடி. அடர்த்தியான சுருட்டை. அவிழ்த்துவிட்டால் இடுப்புவரை வரும், முடிந்தால் பிடரியில் ஒரு சின்னத் தேங்காய் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும். சீப்பு அதற்குள் போனால் பல்லோடு திரும்பி வராது. விரலால்தான் சிக்கெடுக்க வேண்டும். அந்தக் குடுமிக்கு மேல் எந்த ஹெல்மெட்டும் இறங்காததால் மோட்டார் சைக்கிளையே அவர் விட்டுவிட்டார்.

இப்போதுள்ள இளம் குருக்கள்மாரில் பலர் கிராப்பு வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இவர் குறை சொல்வதில்லை. "முடி இல்லேன்னாலும் மந்திரம் வேல செய்யும் தம்பி. ஆனா செத்த வீட்டுல யாரும் நம்ம மந்திரத்தப் பாக்குறதில்ல, குடுமியத்தான் பாக்குறாங்க. இது முடி இல்ல, யூனிபோர்ம்" என்பார். உண்மைதான். எங்கள் வீட்டு வாசலில் அவர் வந்து இறங்கியபோது ஜன்னல் வழியாக முதலில் தெரிந்தது குடுமிதான். "ஐயர் வந்துட்டாரு" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதுவரை ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் நின்றார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் பயம். இத்தனை வருடங்களாக மகாவலியில் அஸ்தி கரைக்கப் போகிறவர்களையெல்லாம் கரையில் நின்றபடிதான் இறக்கியிருக்கிறார். "போங்க, இன்னும் கொஞ்சம் போங்க, இடுப்பளவு வரட்டும்" என்று குரல் மட்டும் தண்ணீருக்குள் போகும், கால் ஈரமாகாது. போன வருடம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே, தாயின் அஸ்தியோடு இறங்கிய ஒருவருக்குக் கால் வழுக்கியது. ஆற்றில் நல்ல இழுவை. குருக்கள் கரையில் நின்று கத்தினார். கத்துவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியவில்லை. பக்கத்தில் தன் த்ரீவீல் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த ஸமீம்தான் குதித்து, அந்த ஆளை வேட்டியோடு வாரி இழுத்துப் போட்டார். வேட்டியைத்தான் பிடிக்க முடிந்தது, தலை மொட்டை.

மூச்சு வாங்கியபடி ஸமீம் கேட்ட கேள்வியைக் குருக்கள் இன்றைக்கும் எழுத்துத் தவறாமல் சொல்லுவார்.

"எறக்குறது நீங்க, தூக்குறது நானா ஐயரே?"

அன்றிலிருந்து ஆற்று வேலையை அவர் எடுக்கவில்லை. வீட்டுக் கிரியைகளை மட்டும் செய்துவிட்டு, கரைப்பதற்கு டவுனிலிருந்து இன்னொரு குருக்களை அனுப்பிவைப்பார். கேட்டால் மழை, சளித் தடிமன், முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று. உண்மையான காரணத்தை மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: தண்ணீருக்குள் தானும் கூட நிற்க முடிகிற நாள் வரும்வரை இனி யாரையும் இறக்கப்போவதில்லை. ஒருநாள் விடியற்காலையில் ஸமீமின் த்ரீவீலில் ஏறி உட்கார்ந்து, "அம்பிட்டியவுக்கு விடு, யாருகிட்டயும் சொல்லாத" என்றாராம். ஸமீம் அன்று மாலைக்குள் கட்டுகஸ்தோட்டை முழுவதற்கும் சொல்லிவிட்டார்.

குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் பழக்குபவர் சஞ்சீவனி என்ற சிங்களப் பெண். குருக்களின் மூத்த மகள் வயதிருக்கும். இவரை "சுவாமி" என்றுதான் கூப்பிடுவார். தொப்பி இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். இறப்பர் தொப்பி குருக்களின் தலையில் பாதிவரை இறங்கி, குடுமியில் முட்டி, பட்டென்று கழன்று பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வங்கி மனேஜரின் மூக்கில் போய் விழுந்தது. முதல் பாடம் அத்தோடு முடிந்தது.

அடுத்த நாள் குடுமியை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டி, அதன் மேல் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். பார்வைக்குத் தலைக்குப் பின்னால் இன்னொரு தலை. பேக்குக்குள் காற்று மாட்டிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. முகத்தை உள்ளே வைக்கச் சொன்னால் பிடரி மேலே கிளம்பியது, பிடரியை அமுக்கினால் முகம் மேலே வந்தது. சஞ்சீவனி தனக்குத் தெரிந்த தமிழில் "தலை உள்ளே, சுவாமி, தலை உள்ளே" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனார். "நான் என்னம்மா செய்ய, அது போக மாட்டேங்குது" என்றார் இவர். கரையில் உட்கார்ந்திருந்த ஸமீம், "ஐயருக்குக் குடுமிலேயே டியூப் பூட்டி வச்சிருக்கான் அல்லா" என்றார்.

மூன்றாவது முயற்சி எண்ணெய். தலை நிறையத் தேங்காயெண்ணெயைப் பூசினால் குளத்துக் குளோரின் மருந்து முடிக்குள் இறங்காது என்று குருக்களே கண்டுபிடித்தார். மருந்து இறங்கவில்லை, ஆனால் எண்ணெய் இறங்கிவிட்டது. அவரைச் சுற்றித் தண்ணீர் வானவில் காட்டியது. குளத்தின் அந்த மூலை முழுவதும் பலகாரம் சுடுகிற வாசம். சஞ்சீவனி விசிலை ஊதி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்.

"சுவாமி, இது பூல். சட்டி இல்ல."

இதற்கிடையில் முடி தன் எதிர்ப்பைத் தெரிவிக்கத் தொடங்கியிருந்தது. சுருள்கள் வைக்கோல் மாதிரி விறைத்தன. தலை துவட்டும் துவாயில் கொத்தாக வந்தது. பிரேமிளா அதையெல்லாம் சுருட்டி அவர் சாப்பிடும் இடத்துக்கு நேரே, ஜன்னல் கம்பியில் செருகி வைத்தார். பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியதுதான். ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்.

"நீந்தப் பழகுங்க, வேணாங்கல. ஆனா குடுமி என் சுண்டு விரல் மொத்தத்துக்கு வந்துச்சின்னா அன்னைக்கோட நிப்பாட்டிடணும். எலி வாலோட ஒரு வீட்டு வாசல்ல போயி எப்பிடி நிப்பீங்க?"

நியாயமான கேள்வி. நீச்சல் பழகாவிட்டால் ஆற்று வேலை இல்லை. குடுமி போனால் எந்த வேலையும் இல்லை. எது முந்தப் போகிறது என்பதுதான் அந்த வீட்டில் அப்போது ஓடிய பந்தயம்.

வழி கண்டுபிடித்ததும் பிரேமிளாதான். சோற்றுக்கு அரிசி ஊறப்போடும்போது தோன்றியதாம். குளத்துக்குப் போவதற்கு முன்பே வீட்டுக் குழாயடியில் அவரை உட்காரவைத்து, முடியை நல்ல தண்ணீரில் ஊற ஊற நனைத்துவிட்டார். "வயிறு நெறைய சாப்பிட்டுப் போனவன் பந்தியில எவ்வளவு சாப்புடுவான்? முடியும் அப்பிடித்தான். நம்ம தண்ணிய குடிச்சிட்டுப் போனா அவங்க தண்ணிய குடிக்காது." பிறகு பழைய பிடரிக் குடுமியை அவிழ்த்து, நான்கு பின்னல் போட்டு, கோலம் போலத் தலையோடு தலையாகத் தட்டையாகச் சுற்றினார். அதன் மேல் துணித்தொப்பி, அதற்கும் மேல் இறப்பர் தொப்பி. கண்ணாடியில் பார்த்த குருக்கள், "பின்னலெல்லாம் போட்டு, பூ ஒண்ணுதான் கொறையுது" என்றார். "வைக்கவா?" என்றார் மனைவி.

அன்றைக்குத் தலை உள்ளே போனது.

குளித்து முடித்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி, தேங்காய்ப்பால் தடவிக் கழுவி, அவிழ்த்துவிட்டபடியே த்ரீவீலில் ஏறிவிடுவார். ஊர் வந்து சேர்வதற்குள் காற்றில் காய்ந்துவிட வேண்டும், எட்டு மணிக்கு எங்காவது ஒரு வீட்டில் கூப்பிட்டிருப்பார்கள். ஆனபடியால் கண்டி வாவியைச் சுற்றி விடியற்காலையில் போகிறவர்கள், ஒரு த்ரீவீலின் பக்கவாட்டில் நீளமான சுருட்டை முடி கொடியைப் போலப் பறந்து போவதைப் பார்க்கலாம். ஸமீமின் தாயார் ஹவ்வா உம்மாவின் காதுக்கும் இது போயிருக்கிறது. "உம்மா கேக்குறாங்க, வெள்ளனயே ஏத்திக்கிட்டுப் போறியாமே, யாருடா அந்த முடிக்காரின்னு. ஒங்களால எனக்கு ஊட்டுல சோறு இல்ல ஐயரே" என்று ஸமீம் முறையிட்டார். மறுநாள் குருக்கள் நேரே ஹவ்வா உம்மாவின் வாசலுக்குப் போய், முடியை அவிழ்த்து முன்னால் போட்டுக்காட்டி, "நான்தாம்மா அது" என்றாராம். அந்த அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, என்ன எண்ணெய் பூசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அக்காவின் கருமாதிக்கு முதல் நாள் குருக்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆற்றுக்கு யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக்கொண்டு சொன்னார்.

"நானே வர்றேன் தம்பி."

"நீந்த வந்துருச்சா?"

"குளத்துல அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துடுவேன். நடுவுல ஒருக்கா நிப்பேன்." தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மேலும் சொன்னார். "ஆத்துல நடுவுல நிக்க முடியாதுன்னு சஞ்சீவனி மிஸ் சொல்லிச்சி. அதான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்."

மறுநாள் காலை என் தலையை மழித்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குருக்கள், என் மொட்டையை ஒருமுறை சுற்றிவந்து, "இப்ப நீங்க பழகலாம். ஒரு தொல்லையும் இல்ல, தொப்பிகூட வேணாம்" என்றார். அவர் கண்ணில் இருந்தது கேலி இல்லை, பொறாமை. இரண்டாவது தடவையாகச் சிரித்தேன்.

இரவு மலைப்பக்கம் மழை பெய்திருந்ததால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. ஸமீம் கரையில் ஒரு கயிற்றோடு நின்றிருந்தார். அக்காவின் அஸ்தி இருந்த மண்சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் இறங்கினேன். பின்னால் தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். குருக்கள் வேட்டியை மடித்துக் கட்டியபடி, உதட்டுக்குள் எதையோ சொல்லிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மந்திரமாக இருக்கலாம். சஞ்சீவனி சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம். முழங்கால், தொடை, இடுப்பு. என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். பல்லெல்லாம் தந்தியடித்தது.

"சட்டிய வீசாதீங்க. அப்பிடியே தண்ணிகிட்ட குடுங்க. அது வாங்கிக்கும்."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டது.

சட்டியை விட்ட பிறகு மூன்று முழுக்குப் போட வேண்டும். முதல் முழுக்கில் குளிர் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது முழுக்கில் கீழே ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாள் வீட்டில் இருந்த அழுகை, பாத்திரச் சத்தம், விசாரிப்பு எதுவும் அங்கே இல்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் போல இருந்தது. இருந்துவிட்டேன் போலிருக்கிறது. மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. மேலே இழுத்து நிறுத்தியது.

குருக்கள் மார்பளவு ஆழத்துக்கு வந்திருந்தார். தலையும் நனைந்திருந்தது. குடுமி எப்போது அவிழ்ந்ததோ, முடி முழுவதும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் விரிந்து மிதந்துகொண்டிருந்தது. ஒரு சுள்ளியும் இலைகளும் அதில் சிக்கியிருந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"ஐயரே, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் கரையிலிருந்து ஸமீம்.

"இருக்கட்டும்டா."

"மூணு போடணுமே. நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க."

"அங்க கரையில நின்னு சொன்னது அது. கீழ இழுக்குது, எனக்குத் தெரியுது. வாங்க தம்பி, போவம்."

ஒவ்வொரு அடியையும் காலால் தடவிப் பார்த்துப் பார்த்து என்னைக் கரைக்குக் கொண்டுவந்தார். படியேறி, ரோட்டுக்கு வந்து, ஸமீம் துவாயை நீட்டியபோதும் அதை இடது கையால்தான் வாங்கினார். வலது கை என் மணிக்கட்டிலேயே இருந்தது. மூன்றாவது முழுக்கு இன்னும் போடவில்லை.