மூன்று விரல் உயரம் கூடிய படி

ஸ்டெம்பிள் குடும்பத்தோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டதே ஒரு படியால்தான். எங்கள் ஊர்ப் பூங்காவில் மலையுச்சிக்கு நாற்பத்தொரு கல்படிகள் உண்டு. பதின்மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட மூன்று விரல் உயரம். புதிதாக வருகிறவர்கள் அதில் தடுக்காமல் போனதில்லை. நானும் தடுக்கினேன். நிமிர்ந்தால், பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்க. அது நான் போட்டது."

அவர் ஓர்வில் ஸ்டெம்பிள். 1935இல் நாடே வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தபோது, அரசாங்கம் இளைஞர்களைத் திரட்டி, முகாம் போட்டு, காடுகளிலும் பூங்காக்களிலும் வேலை கொடுத்தது. சுரங்கம் மூடிய ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் ஓர்வில் வந்து சேர்ந்தார். மூன்று வேளைச் சாப்பாட்டில் முதல் மாதமே பன்னிரண்டு பவுண்டு எடை ஏறியதாகச் சொல்வார். கல் பதிக்கக் கற்றது அங்கேதான். அதன்பிறகு முப்பத்தெட்டு வருடம் கண்ணாடித் தொழிற்சாலை. அங்கே செய்ததெல்லாம் எப்போதோ உடைந்திருக்கும். படிகள்தான் மிச்சம், அதிலும் ஒன்று தப்பு என்பார்.

மனைவி லவோனாவுக்கு 1988இல் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் இருவரும் உச்சிக்கு ஏறி சாண்ட்விச் தின்பது வழக்கம். அந்த வருடம் லவோனா பதின்மூன்றாவது படிவரை போய்த் திரும்பிவிட்டார். மறுநாளே ஓர்வில் உளியோடு பூங்கா அலுவலகத்தில் நின்றார். லவோனாவும் கூடப் போனார்; வண்டி ஓட்டியது நான்.

"ஒரு நாள் வேலைம்மா, டெனிஸ். கல்லை எடுத்து, அடியைச் செதுக்கி, திரும்ப உக்கார வெச்சிடறேன்."

பூங்கா அதிகாரி டெனிஸ் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "தொட முடியாதுங்க, மிஸ்டர் ஸ்டெம்பிள். போன வருஷம் அத்தனை படியையும் பாதுகாக்க வேண்டிய சின்னமா பதிவு பண்ணிட்டாங்க."

"தப்பையுமா?"

"தப்போட சேர்த்துதான்."

"போட்டவனே வந்து கேக்கறேனே."

"போட்டவர் உயிரோட வந்து நிப்பார்னு அந்தப் படிவத்துல இடமே விடலைங்க."

நாற்காலியில் இருந்த லவோனா கேட்டார்: "மத்ததெல்லாம் சரியா இருக்கே. அது ஒண்ணு மட்டும் எப்படி? மேஸ்திரி கொடுத்த கல்லு மோசம்னுதானே சொன்னே?"

ஓர்வில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லு நல்ல கல்லுதான். அன்னிக்கு சனிக்கிழமை. ஊருக்குள்ள நடனம். அங்க கூட்டிட்டுப் போற லாரி அஞ்சு மணிக்கு. அளக்காம வெச்சுட்டு ஓடிட்டேன். திங்கக்கிழமை பாத்தா சாந்து இறுகிப்போச்சு. மேஸ்திரிகிட்ட வாயே திறக்கலை."

"எந்த சனிக்கிழமை?"

"நீ மஞ்சள் கவுன்ல வந்தியே, அது."

லவோனா, "அம்பது வருஷமா அந்த மேஸ்திரியை இல்ல திட்டிட்டிருக்கேன்" என்றார்.

டெனிஸ் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாந்து இல்லாம, படியைப் பேர்க்காம, கைப்பிடி ஓரமா ஒரு கல்லு கிடந்தா, நான் என்ன செய்ய? மலைன்னா கல்லு கிடக்கத்தான் செய்யும்."

அடுத்த வாரம் ஓர்வில் தட்டையான கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதை என் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். யாராவது நிறுத்தி, கல் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் எனக்குக் கவலை. யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் படியில், கைப்பிடியை ஒட்டி, அரைப்படி போலக் கல்லை வைத்தார். லவோனா ஒரு காலை ஊன்றிப் பார்த்தார்.

"ஆடுது."

"லேசாத்தானே."

"லாரிக்கு நேரமாயிடுச்சா, ஓர்வில்?"

கிழவர் மண்டியிட்டார். கல்லைத் தூக்கி, அடியில் சில்லு செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி எடுத்தார். லவோனா மெல்ல உட்கார்ந்து சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார்.

"நிதானமா செய்," என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."